ஆகாயத்தில் ஜாகீர்

நமது தேசம் விடுதலை பெற்றது 1947-ஆம் வருஷத்தில். கல்வராயன் மலையில் ஜாகீர் முறை ஒழிந்ததோ 1976-ஆம் வருஷத்தில். இடைப்பட்ட இருபத்தொன்பது வருஷங்களும், கரியாலூரையும் வெள்ளிமலையையும் சூழ்ந்த கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், சுதந்திர இந்தியாவின் பிரஜைகளாகவும் ஜாகீர்தார்களின் குடிகளாகவும் ஒருங்கே இருந்து வந்தார்கள். ஜாகீர் முறையின் சாரம் இன்னதென்று நேயர்கள் அறிவார்கள். ஒரு பெரும் பரப்பு முழுவதும் ஒருவன் பெயரில் எழுதி வைக்கப்படும். அதை அவன் பயிரிட்டாலும் சரி, தரிசாகப் போட்டாலும் சரி, பிறர் அதில் கை வைக்க வேண்டுமானால் அவன் தயவு வேண்டும். அந்த முறை மண்ணை விட்டு நீங்கிவிட்டது. ஆனால் அதே மலைக்கு மேலுள்ள ஆகாயத்தில் அது இன்றும் நடைபெற்று வருகிறது என்று நாம் சொன்னால் சிலர் வியப்படையக் கூடும். ரேடியோ அலைக்கற்றையைச் சர்க்கார் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைச் சற்றே ஆராய்ந்தால் நாம் கூறுவது மிகையன்று என்பது விளங்கும்.

ரேடியோ, டெலிவிஷன், கைப்பேசி, போலீஸாரின் வயர்லெஸ், விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகள் ஆகிய யாவும் ஒரே ஆகாயத்தின் வழியாக அலைகளை அனுப்பியே வேலை செய்கின்றன. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் குழம்பிவிடும். ஆதலின் இன்ன வரிசை இன்னாருக்கு என்று சர்க்கார் வரையறுத்துக் கொடுக்க நேர்கிறது. இச்செல்வத்தின் தன்மை விசித்திரமானது. பூமியில் புதைந்துள்ள நிலக்கரியை இன்று தோண்டாவிட்டால் நாளைக்குத் தோண்டலாம். அலைக்கற்றையோ கடலை நோக்கி ஓடும் ஆற்று நீரைப் போன்றது; பயன்படாமற் கழிந்த நாழிகை கழிந்ததுதான். அதே சமயத்தில், எவ்வளவு பயன்படுத்தினாலும் அது தேய்வதில்லை. செலவழித்தாற் குறையாததும், சும்மா வைத்தாற் சேராததுமான ஒரு செல்வத்தைத் தரிசாகப் போட்டு வைப்பதைக் காட்டிலும் பெரிய விரயம் வேறு என்ன இருக்க முடியும்?

அலைக்கற்றையைத் திறமையாகப் பயன்படுத்த வேண்டும் என்று நிபுணர்கள் பேசும்போது, பெரும்பாலும் ஜன நெருக்கடி மிகுந்த நகரத்தையே மனத்திற்கொண்டு பேசுகிறார்கள். ஒரே தெருவில் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் கைப்பேசியை எடுத்தால் என் செய்வது என்பது அவர்கள் கவலை. அக்கவலைக்கு விஞ்ஞானம் பல பரிகாரங்களைக் கண்டிருக்கிறது. ஊரைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒரே அலையைத் தள்ளித் தள்ளியுள்ள வட்டங்களில் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் யோசனை 1947-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் உதித்தது. இன்றைய கைப்பேசி முறை முழுவதும் அதன்மேல் எழுந்த கட்டிடமே. பழைய டெலிவிஷன் முறையில் ஒரே ஒரு நிகழ்ச்சி வரிசை 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. டிஜிட்டல் முறை வந்தபின் அதே இடத்தில் பல வரிசைகளைச் செலுத்த முடிகிறது. இவையெல்லாம் நெருக்கடிக்கு மருந்து. கரியாலூரின் நோயோ இதற்கு நேர்மாறானது. அங்கே நெருக்கடி இல்லை. அங்கே அலை சும்மா கிடக்கிறது. நெருக்கடியை நீக்குவது ஒரு திறமையானால், தரிசை உழுவதும் ஒரு திறமையன்றோ? இந்த இரண்டாவது திறமையைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே.

தரிசு எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். கைப்பேசி அலைக்கற்றைக்காக நமது தேசம் 22 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையும் புதுச்சேரியும் உள்ளிட்ட தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டாரம். ஏலத்தில் இவ்வட்டாரத்தை எடுக்கும் கம்பெனி, சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களின் வருவாயைக் கணக்கிட்டே விலை கூறுகிறது. அந்த விலைக்குக் கல்வராயன் மலைக்கு மேலுள்ள ஆகாயமும் கொசுறாகச் சேர்ந்து போய்விடுகிறது. கம்பெனி அங்கே கோபுரம் எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும் அந்த அலைவரிசையில் வேறொருவர் பேசுவது சட்டப்படி குற்றம். கடமை ஏதும் விதிக்கப்படவில்லையா என்று கேட்கலாம். விதிக்கப்பட்டது. 2010-ஆம் வருஷத்து மூன்றாந் தலைமுறை ஏலத்தில், பெருநகரங்கள் அல்லாத வட்டாரங்களில், மாவட்டத் தலைநகரங்களிற் பாதியை ஐந்து வருஷங்களுக்குள் எட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மாவட்டத் தலைநகரங்களிற் பாதியை எட்டினாற் போதும் என்றால், வளைந்து வளைந்து ஏறும் மலைச் சாலையின் முடிவிலுள்ள குக்கிராமத்தை எவர் நினைப்பார்?

இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. சமவெளியிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயர்ந்து, மடிப்பு மடிப்பாக விரிந்து கிடக்கும் மலை அது. வெயிலுக்கு நிழல் இருப்பது போலவே ரேடியோ அலைக்கும் நிழல் உண்டு. ஒரு குன்றின் முன்புறத்தில் கிடைக்கும் அலை அதன் பின்புறத்திற் கிடைப்பதில்லை. பல குக்கிராமங்களுக்கு அலை எட்டுவதில்லை, எட்டும் இடத்திலும் நிலைப்பதில்லை என்பது மலைவாசிகள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. முன்னொரு காலத்தில் இதை வசதிக் குறைவு என்று சொல்லித் தள்ளியிருக்கலாம். இன்று அவ்வாறு தள்ளுவதற்கில்லை. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கு 108 வண்டியை அழைப்பது கைப்பேசியால்தான். ரேஷன் கடையில் விரல் ரேகை வைப்பதற்கும் அலை வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்தோரின் வருகைப் பதிவே கைப்பேசி வழியாகத்தான் என்று 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கினார்கள். பிரஜைக்கும் சர்க்காருக்கும் நடுவே அலையைப் பாலமாக அமைத்துவிட்டு, அந்த அலை எட்டாத இடத்தில் ஒரு ஜன சமூகத்தையே நிறுத்தி வைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்ட பிறகு, சென்னை ஹைகோர்ட் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி விசாரிக்க நேர்ந்தது. கோர்ட் வந்து கதவைத் தட்டும் வரையில் அம்மலை நம் நினைவுக்கு வராமற் போனதேன் என்பதைத் தேசாபிமானிகள் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அலைக்கற்றை என்ற சொல்லே சாமானிய ஜனங்களுக்கு 2ஜி வழக்கின் மூலமாகத்தான் அறிமுகமாயிற்று. கணக்குத் தணிக்கை அதிகாரி 2010-இல் 1.76 லட்சம் கோடி ரூபாய் நஷ்டம் என்று மதிப்பிட்டதும், சுப்ரீம் கோர்ட் 2012 பிப்ரவரியில் 122 லைசென்ஸுகளை ரத்துச் செய்ததும், 2017 டிசம்பரில் விசேஷக் கோர்ட் குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரையும் விடுதலை செய்ததும் நேயர்கள் அறிந்த சரித்திரமே. அவ்வழக்கின் குணதோஷங்களை நாம் இங்கே விவாதிக்கப் புகவில்லை. ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டுகிறோம். அத்தனை வருஷ வாதப் பிரதிவாதங்களும் அலைக்கற்றையை என்ன விலைக்கு விற்றார்கள் என்பதைப் பற்றியே நிகழ்ந்தன. விற்ற அலையை வாங்கியவர் எங்கே பயன்படுத்தினார், எங்கே பயன்படுத்தவில்லை என்ற கேள்வியை ஒரு கட்சியும் உரக்கக் கேட்கவில்லை. ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-ஆம் வருஷத்திலேயே, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பொதுச் சொத்தை நல்ல விலைக்கு விற்பது தருமகர்த்தாவின் கடமைகளில் ஒன்றுதான். அதுவே கடமை முழுவதும் ஆகிவிடாது. கோயில் நிலத்துக்கு உயர்ந்த குத்தகை பேசி, நிலம் உழப்படுகிறதா என்று பாராமல் இருக்கும் தருமகர்த்தாவை நாம் மெச்சுவோமா?

விலையொன்றையே நோக்கியதால் விளைந்த கேட்டுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையின் கதையே போதிய சாட்சி. அலைவரிசை எண் குறையக் குறைய அலை நெடுந்தூரம் செல்லும். குன்றையும் மரத்தையும் ஓரளவு வளைந்து கடக்கும். மலைக்கும் கிராமத்துக்கும் உகந்தது இவ்வரிசையே. சர்க்கார் 2016 அக்டோபரில் இதை ஏலத்துக்குக் கொண்டுவந்து, தேசம் முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிவிலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சிலும் ஒருவரும் கேட்கவில்லை. அடிவிலை 3,927 கோடியாக இறக்கப்பட்ட பிறகே 2022 ஆகஸ்டில் ஒரு கம்பெனி அதில் 10 மெகாஹெர்ட்ஸை எடுத்தது. இடையில் ஏறத்தாழ ஆறு வருஷங்கள்! கஜானாவுக்கு ஒரு காசும் வரவில்லை; மலைக்கு ஒரு அலையும் வரவில்லை. 2024 ஜூன் ஏலத்திலும் 96,238 கோடி ரூபாய் மதிப்பிட்டு வைத்த அலைக்கற்றையில் 11,340 கோடிக்கு மட்டுமே விற்பனையாயிற்று. விற்றதோ தரிசு, விற்காததோ தரிசு என்றால் இந்த ஏலத்தால் நாட்டின் மூலை முடுக்குகளுக்கு விளைந்த லாபம் யாது?

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும், 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அன்னிய ஆட்சியார் தம் பாதுகாப்புக்காக இயற்றியவை. அனுமதியின்றி வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்பது 1933-ஆம் வருஷச் சட்டத்தின் சாரம். 1942-இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் 42.34 மீட்டர் அலையில் காங்கிரஸ் ரேடியோவை நடத்திச் சிறை சென்றதை எந்தத் தேசபக்தர் மறப்பார்? ஆகாயம் காவல் காக்கப்பட வேண்டிய கோட்டை என்பதே அச்சட்டங்களின் மனோபாவம். அது பயிரிடப்பட வேண்டிய வயல் என்ற எண்ணம் அவற்றில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அவ்வெண்ணம் முதன் முறையாகத் தலைகாட்டுகிறது. அதன் 7-ஆம் பிரிவு, ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை வேறொருவருக்கும் இரண்டாம்பட்சமாக ஒதுக்கவும், பகிர்ந்துகொள்ளவும், குத்தகைக்கு விடவும் இடம் தருகிறது. போதிய காரணமின்றி, விதிகளிற் குறித்த காலம் வரையில் பயன்படாமற் கிடக்கும் அலைக்கற்றையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. இப்பிரிவு 2024 ஜூலை 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

சட்டம் நல்ல சட்டமே. ஆனால் வக்கீல்கள் அறிவார்கள், ஒரு சட்டத்தின் உயிர் அதன் சொற்களுக்குத் தரப்படும் பொருளில் இருக்கிறது என்பதை. ‘பயன்படாமல்’ என்றால் எங்கே பயன்படாமல்? சென்னையில் ஒரு கோபுரம் ஒலித்துக்கொண்டிருந்தால் தமிழ்நாடு முழுவதும் அந்த அலைக்கற்றை பயன்பட்டதாகப் பொருள் கொள்வார்களானால், இப்பிரிவு கரியாலூரைப் பொறுத்த வரையில் வெறுங் காகிதமே. வட்டாரத்தை அன்று, வட்டத்தையும் ஊராட்சியையும் அளவுகோலாக வைக்க வேண்டும். கல்வராயன் மலை வட்டத்தில் ஒரு அலைவரிசை மூன்று வருஷங்கள் ஒலிக்கவில்லையென்றால், அந்த வட்டத்தளவில் அது தரிசென்று அறிவிக்கப்பட வேண்டும். கம்பெனியின் சென்னை உரிமையை யாரும் தொட வேண்டியதில்லை. அது கைவிட்ட மலைப் பகுதியை மட்டும் வேறொருவர் உழ அனுமதித்தாற் போதும். இந்த ஒரு வரையறையை விதியில் எழுதுவிப்பதே இன்று நாம் செய்ய வேண்டிய வேலை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இது நடக்கக் கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. இருபது வருஷங்களுக்கு முன் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சுற்றுப்புறக் கிராமங்களிலுள்ள தன் கண் பரிசோதனை நிலையங்களுடன் வயர்லெஸ் மூலம் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. நோயாளி கிராமத்திலும் டாக்டர் தேனியிலுமாக, ஒருவரையொருவர் பார்த்துப் பேசிச் சிகிச்சை நடந்தது. அதற்கென அலைக்கற்றை எதையும் ஏலத்தில் எடுக்கவில்லை. எவரும் லைசென்ஸ் இன்றி உபயோகிக்கலாம் என்று விடப்பட்ட வைஃபை அலையே போதுமாயிருந்தது. வீட்டுக்குள் வேலை செய்யப் பிறந்த அக்கருவி நெடுந்தூரத்தில் தடுமாறும். ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும் பதில் வரும் வரையில் காத்திருப்பது அதன் சுபாவம். காலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காத்திருப்பை நீக்கி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு திட்டத்தை மாற்றி எழுதினார்கள். அதே அலையில், அதே கருவியில், முன்னிலும் இரண்டு முதல் ஐந்து மடங்கு செய்தி சென்றது. புதிய அலைக்கற்றை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. புத்தி ஒன்றே புதிதாகச் செலவழிக்கப்பட்டது.

டெலிவிஷனுக்காக ஒதுக்கப்பட்டு வெறுமையாகக் கிடக்கும் வரிசைகளைப் பற்றியும் நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தோர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பதினைந்து வரிசைகளில் பன்னிரண்டாவது தேசத்தின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் சும்மா கிடப்பதாகக் கண்டார்கள்; பால்கர் ஜில்லாக் கிராமங்களில் அவ்வலையைக் கொண்டு இணையத் தொடர்பும் கொடுத்துப் பார்த்தார்கள். மலையைத் தாண்டுவதற்கு இதைவிட ஏற்ற அலை கிடைப்பது அரிது. அதன் பின்னர் தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒலிபரப்புகளையும் பெரும்பாலும் மூடிவிட்டது. வயல் இருக்கிறது, ஏர் இருக்கிறது; உழுவதற்கு உத்தரவு மாத்திரம் இல்லை.

அயல் நாடுகள் இவ்விஷயத்தில் கண்மூடி இருக்கவில்லை. பெரிய கம்பெனிகள் ஒரு பகுதியில் பயன்படுத்தாத அலையை அப்பகுதிக்கு மட்டும் பிறர் கேட்டுப் பெறலாம் என்று இங்கிலாந்தின் ஆஃப்காம் 2019-இல் விதி செய்தது. நாம் கேட்பது ஏறக்குறைய அதுவே. அமெரிக்கச் சர்க்கார் 2020-இல், பழங்குடி மக்களின் நிலங்களுக்கு மேலே ஒதுக்கப்படாமற் கிடந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை, ஏலத்துக்கு முன்னதாக அம்மக்களின் சபைகளே விண்ணப்பித்துப் பெற வழி செய்தது. மெக்ஸிகோவில் பூர்வகுடிகளின் சங்கமொன்று 2016-இல் உரிமை பெற்று, கம்பெனிகள் எட்டிப் பாராத மலைக் கிராமங்களில் தானே கைப்பேசிச் சேவை நடத்தத் தொடங்கியது. பிரான்ஸ் 2018-இல் ஏலப் பணத்தைக் காட்டிலும் அலை எட்டாத ஊர்களை எட்டுவதே முக்கியம் என்று கருதி, கம்பெனிகளுடன் அவ்வாறே ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்நாடுகள் யாவும் நம்மைவிடத் தருமசிந்தனை மிக்கவை என்று நாம் சொல்லவில்லை. தரிசு நஷ்டம் என்ற கணக்கை அவை போட்டுப் பார்த்தன, அவ்வளவே.

எதிர்வாதங்களையும் கவனிப்போம். கோடிகள் கொடுத்து வாங்கியதைப் பிறருக்குக் கொடுப்பது அநீதி என்று கம்பெனிகள் சொல்லக் கூடும். அவர்கள் வாங்கியது காலவரையறையுள்ள உபயோக உரிமை. ஆகாயத்தின்மேல் சுவாதீனம் அன்று. அவர்கள் ஒலிக்காத இடத்தில் பிறர் ஒலிப்பதால் அவர்களுக்குக் குலைவது ஒன்றுமில்லை. அவர்கள் வந்து கோபுரம் எழுப்பும் நாளில் முன்னறிவிப்புடன் இடம் விட வேண்டும் என்று விதி செய்தால் குறையும் தீர்ந்தது. மலையில் கோபுரம் கட்டினால் கட்டுப்படியாகாது என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. மின்சாரம், வன இலாகா அனுமதி, இணைப்புக் கம்பி யாவும் செலவு வைப்பவையே. கட்டுப்படியாகாதவன் குறைந்தபட்சம் வழியை மறிக்காமல் இருக்கலாம் அல்லவா? செயற்கைக் கோள் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது மூன்றாவது வாதம். அமெரிக்க ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025 ஜூனில் நம் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். வருவது வரட்டும். ஆனால் நம் மலைக்கு மேலுள்ள நம் அலையைத் தரிசாகப் போட்டுவிட்டு, அன்னியக் கம்பெனியின் கோளைக் கைகூப்பி எதிர்பார்ப்பது சுயராஜ்யத்துக்கு அழகன்று.

செய்யத் தக்கதைச் சர்க்காரே சிறிதளவு செய்து காட்டியும் இருக்கிறார்கள். அலை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை சம்மதித்தது. அப்பணியை ஏற்ற பி.எஸ்.என்.எல். ஸ்தாபனம் முற்றிலும் சுதேசியான 4ஜி அமைப்பை 2025 செப்டம்பரில் தொடங்கி வைத்ததை நாம் மனப்பூர்வமாகப் பாராட்டுகிறோம். பொது நிதியால் எழுந்த ஏறத்தாழ 27,000 கோபுரங்களில், எந்தக் கம்பெனியின் சந்தாதாரரும் பேசலாம் என்று 2025 ஜனவரியில் ஏற்பாடாயிற்று. ஒரு கோபுரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்றால் ஒரு அலையைப் பகிர்ந்துகொள்வதில் என்ன தடை? ஏலமின்றி அலைக்கற்றை பெற்ற பி.எஸ்.என்.எல்.லும் இவ்விதிக்கு விலக்காகக் கூடாது. சர்க்கார் போட்ட தரிசும் தரிசே.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, எந்த அலைவரிசை யாரிடம் இருக்கிறது, எந்த ஊராட்சியில் ஒலிக்கிறது, எங்கே ஒலிக்கவில்லை என்பதைக் காட்டும் அடங்கலைச் சர்க்கார் வருஷந்தோறும் வெளியிட வேண்டும். நிலத்துக்கு அடங்கல் உண்டு. ஆகாயத்துக்கு ஏன் இல்லை? இரண்டாவது, 7-ஆம் பிரிவின் கீழ் ‘பயன்படாமை’ என்பது வட்டந்தோறும் கணிக்கப்பட வேண்டும். மூன்றாவது, அவ்வாறு தரிசென்று கண்ட அலையையும், வெற்று டெலிவிஷன் வரிசைகளையும், பழங்குடிப் பகுதிகளில் ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சொற்பக் கட்டணத்தில், எளிய பதிவு முறையில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கம்பியால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஊராட்சி அலுவலகம் வரை வரும் அக்கம்பியைக் குக்கிராமம் வரை கொண்டு செல்ல இவ்வலை துணையாகும். நான்காவது, மலைப் பகுதிகளில் எழும் கோபுரம் யாருடையதாயினும் எல்லாச் சந்தாதாரருக்கும் திறந்திருக்க வேண்டும்.

சாமானிய ஜனங்களால் வயர்லெஸ் விஷயத்தில் என்ன செய்ய முடியும் என்று ஏளனம் செய்வோருக்கு ஒன்று ஞாபகமூட்டுகிறோம். சென்னையில் முதன் முதலாக 1924-இல் ரேடியோ ஒலிபரப்பியது சர்க்கார் அன்று. பிரஜைகள் கூடி அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப்பே. பணமுடையால் 1927-இல் அது நின்றது. திறமைக் குறைவால் அன்று. அன்று இயன்றது இன்று ஏன் இயலாது?

கட்சி வேலை செய்யும் இளைஞர்களுக்கும் ஊழியர்களுக்கும் நாம் சொல்வது இது. சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றும் கிராம சபைகளில், எங்கள் ஊருக்கு மேலுள்ள அலை யார் பெயரில் இருக்கிறது, ஏன் ஒலிக்கவில்லை என்ற கேள்வியையும் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். பார்லிமெண்ட் அங்கத்தினர் ஓட்டுக் கேட்டு மலையேறி வரும்போது இதற்கு விடை கேளுங்கள். மண்ணில் ஜாகீர் ஒழிவதற்கு மலை மக்கள் சுதந்திரத்துக்குப் பின் இருபத்தொன்பது வருஷங்கள் காத்திருந்தார்கள். ஆகாயத்து ஜாகீர் ஒழிவதற்கு இன்னுமோர் இருபத்தொன்பது வருஷங்கள் அவர்களைக் காக்க வைப்பது தேசத்துக்கே தலைகுனிவாகும்.